எங்கள் மைதானம் என் மனைவி பெயரில்

1

மூன்று மாசத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹாங்காங்கில் இருக்கும் நம் நாட்டுத் துணைத் தூதரகத்தில், கையில் டோக்கனோடு நானும் என் மனைவி ஆமினாவும் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் ஒரு பவர் பத்திரம். காயல்பட்டினத்தில் அவள் பெயரில் இருக்கும் ஒரு நிலத்தை விற்க, ஊரில் இருக்கும் அவளுடைய தாய்மாமாவுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். புகைப்படம், சர்வே நம்பர், நான்கு எல்லை எல்லாம் அதில் சரியாக இருந்தன. அந்த நிலத்தில் இரண்டு கோல் போஸ்ட் நிற்கின்றன என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அந்த இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவில்தான் நான் வளர்ந்தேன். அது எங்கள் முத்துச்சிப்பி விளையாட்டுக் கழகத்தின் மைதானம். அதை விற்க என் மனைவி கையெழுத்துப் போடப் போகிறாள். அவளை ரயிலில் கூட்டி வந்து, பேனாவும் எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் நான். கழகத்தின் ஹாங்காங் கிளைக்குத் தலைவரும் நானே. கிளையில் பதினோரு பேர். சந்தா கட்டுவது மூன்று பேர்.

பவருக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒருவர் ஆமினாவின் சொந்தக்காரர். இன்னொருவன் நிஜாம், என் பால்ய நண்பன், ஒரு காலத்தில் எங்கள் அணியின் கோல்கீப்பர், இப்போது என்னைப் போலவே இங்கே ரத்தினக்கல் வியாபாரத்தில் இருக்கிறான். எதற்குச் சாட்சி என்று நான் அவனிடம் சொல்லவில்லை. வரிசையில் நின்றபடி பத்திரத்தை வாங்கிப் படித்தான்.

"ஏலே, இது நம்ம கிரவுண்டுல்லா?"

"பைய பேசு."

"நம்ம கிரவுண்ட விக்கதுக்கா என்னைய லீவு போட வச்சு கூட்டிட்டு வந்தே?"

"அவ நெலம்லே. நான் என்ன செய்ய?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். நானும் செய்யல." பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் திருப்பிப் போட்டுக்கொண்டான். ஆமினாவிடம் மட்டும், "லாத்தா, கோவிச்சுக்கிடாதிய" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டான்.

கவுண்டரில் இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். இரண்டு சாட்சி இல்லாமல் முடியாது, இன்னொரு நாள் நேரம் வாங்கி வாருங்கள் என்றார். கிடைத்த நேரம் இரண்டு வாரம் கழித்துத்தான். திரும்பி வந்து ஹங் ஹாம் ஸ்டேஷனில் இறங்கினோம். படியேறும்போது ஆமினா கேட்டாள்: "நீங்கதான் சொல்லிக் குடுத்தியளா?"

சத்தியமாக இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் உதட்டில் வந்த சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

2

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் பெண்ணுக்குத்தான். நான் பிறந்த கீழத்தெரு வீடு என் லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்குப் போனது. நான் ஒரு பெட்டியும் ஒரு ஜோடி பூட்ஸுமாக மேலத்தெருவுக்கு, ஆமினாவின் வீட்டுக்குப் போனேன்.

கால்பந்துக் கழகங்களோ தெருவைப் பொறுத்தவை. கீழத்தெருவுக்கு முத்துச்சிப்பி, வெள்ளையும் நீலமும். மேலத்தெருவுக்கு வளர்பிறைச் சங்கம், பச்சை. இதனால் என்ன ஆகிறது என்றால், இருபத்தைந்து வயது வரை மேலத்தெருக்காரனைக் காலில் உதைத்துக்கொண்டிருந்தவன், ஒரு வெள்ளிக்கிழமை கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு அவன் வீட்டிலேயே போய்த் தூங்க வேண்டி வருகிறது.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் கோடைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இரண்டு கழகங்களும் மோதின. நான் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன். மதியம் மாமியார் வீட்டில் சாப்பாடு. எங்கள் ஊரில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து சாப்பிடுவோம். அதைச் சஹன் என்போம். என் சஹனில் என்னோடு உட்கார்ந்தது ஆமினாவின் இரண்டு காக்காமார், அதாவது அண்ணன்மார், இருவரும் பச்சைச் சட்டைக்காரர்கள்.

"மச்சான், இன்னைக்கு ஒங்க பக்கமாத்தான் நான் வருவேன்" என்றார் மூத்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"வாங்க மச்சான், வழியனுப்பி வைக்கேன்" என்றேன்.

மாமியார் உள்ளேயிருந்து கறி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் என் பக்கமாகவே வந்து விழுந்தது. மருமகன் மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோய்ச் சாப்பிட்டேன். இரண்டாவது பாதியில் என்னால் திரும்பவே முடியவில்லை. மூத்த மச்சான் என் பக்கமாகத்தான் வந்து இரண்டு கோல் போட்டார். அந்தக் கறியைப் பற்றி இன்றுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் உண்மையைச் சொன்னதில்லை.

மைதானத்தின் கதையும் இதே வழக்கத்தில் வருவதுதான். ஆமினாவின் உம்மாவுடைய வாப்பா கொழும்பில் கல் வியாபாரம் செய்தவர். அவரும் என்னைப் போலக் கீழத்தெருவில் பிறந்து மேலத்தெருவுக்கு மாப்பிள்ளையாகப் போனவர். இரண்டு தெருவுக்கும் இடையில் ஒரு மணல்காட்டை வாங்கிப் போட்டிருந்தார். பிறந்த தெருப் பையன்கள் விளையாட இடமில்லாமல் கடற்கரையில் திரிவதைப் பார்த்து, "அங்கன போய் விளையாடுங்க" என்று கொடுத்துவிட்டார். பத்திரம் கித்திரம் ஒன்றும் இல்லை. வருஷ வாடகையாக ஒரு முழு சீலா மீன் மட்டும் கேட்டார். கோடைப் போட்டி முடியும் அன்று, புன்னக்காயல் படகில் வந்த மீனாகப் பார்த்து வாங்கி, கழகத்துப் பையன்கள் இரண்டு பேர் மேலத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஆத்தூர் வயல்காட்டிலிருந்து டிராக்டர் டிராக்டராக வண்டல் மண் அடித்து அந்த மணலை மைதானமாக்கியது எங்கள் ஆட்கள்தான்.

அவருக்குப் பிறகு நிலம் என் மாமியாருக்கு வந்தது. ஒன்பது வருஷம் முன்பு மாமியார் அதை ஆமினா பெயருக்கு எழுதி வைத்தார்கள்.

3

கழகத்தின் பணநிலைமை பற்றி எனக்குக் கருத்துகள் உண்டு. நிறைய உண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் படிக்கட்டில் என்னிடம் மாட்டிக்கொண்டவர்களைக் கேளுங்கள்.

முன்பெல்லாம் கொழும்பு கொடுத்தது. பிறகு வளைகுடா கொடுத்தது. பிறகு நாங்கள், ஹாங்காங்காரர்கள். கொடுத்தவர்களுக்கு வயதாகி ஊர் திரும்பிவிட்டார்கள், அல்லது மௌத்தாகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஐரோப்பாவில் இருக்கும் ஏதோ ஒரு அணியின் சட்டையை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சட்டை ஒன்றின் விலையில் எங்கள் கழகத்துக்கு ஒரு வருஷத்துப் பந்து வாங்கலாம். எனக்கு வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

அதோடு விட்டதா என்றால் இல்லை. முந்தின கோடையில் கோப்பையை வாங்கியே தீருவது என்று முடிவு செய்து, வெளியாட்களைக் கூலிக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் படிக்கும் இரண்டு ஆப்பிரிக்கப் பையன்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கோல்கீப்பர். தங்குவதற்குத் திருநெல்வேலியில் ஏசி ரூம், போக வர வேன், மூன்று வேளைக்கும் பிரியாணி. முதல் ஆட்டத்திலேயே பெனால்டியில் தோற்றோம். பாவம் அந்தப் பையன்கள், நல்ல பிள்ளைகள். அந்த வெயிலில் யார் ஓடுவார்? அம்பாசமுத்திரத்துக்காரர் மட்டும் மூன்று பெனால்டியைப் பிடித்தார். எங்கள் பையன்கள் நான்கை வெளியே அடித்தார்கள். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. திருநெல்வேலியில் எங்களுக்குப் பந்து கொடுக்கும் கடைக்கார அண்ணாச்சி, "பந்து இருக்கு, வே. காச கொண்டாந்து எடுத்துட்டுப் போம்" என்று சொல்லிவிட்டாராம்.

கேப்டனை விட உயரமான கோப்பை எதற்கு? மேடையில் இருபது பேருக்குச் சால்வை எதற்கு? சொந்தப் பையன்களை வைத்து ஆடித் தோற்றால் செலவாவது மிச்சம். மாசம் ஒரு சின்னத் தொகை, எல்லாரிடமும், தவறாமல். கணக்கை எழுதி ஒட்டு. இதைப் பத்து வருஷமாகச் சொல்கிறேன். கழகச் செயலாளர் லெப்பை காக்கா, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபேன்சி கடை வைத்திருப்பவர், கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறார். மாசம் முடிந்தால் தாளைக் கிழித்துவிடுகிறார்.

ஆனால் கடன் கழகத்தைக் கொல்லாது. எங்கள் கழகத்துக்குக் கடன் புதிதா என்ன? மைதானம் போனால்தான் சாவு. மைதானம் இல்லாத கழகம் வெறும் வாட்ஸ்அப் குழு. நிலத்தைப் பிளாட் போட்டு விற்க ஒரு புரோக்கர் தயாராக நிற்கிறார் என்ற செய்தி தெரிந்த அன்றே லெப்பை காக்கா கூப்பிட்டார்.

"தம்பி, நீ சொன்னா ஒம்பொஞ்சாதி கேக்க மாட்டாளா?"

"காக்கா, நீங்க சொன்னா ஒங்க வீட்ல கேக்காஹளா?"

"சரி, துஆ செய்யுவோம்" என்று பொறுப்பை அல்லாஹ்விடம் விட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஆமினா பேராசைக்காரி இல்லை. விற்கும் பணத்தில் எங்கள் மகள் ஹனாவுக்கு ஊரில் வீடு கட்ட வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குப் பதினாறு வயது. பெண்ணுக்கு வீடு இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. ஆமினாவின் வீட்டில் பாதி அவள் தங்கைக்கு. என் இருபத்தோரு வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி ஹாங்காங் வீட்டு வாடகைக்குப் போய்விட்டது. உங்கள் கழகத்துக்காக நம் மகள் வீடில்லாமல் நிற்கவா என்று அவள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

4

தூதரகத்திலிருந்து வந்து மூன்றாம் நாள், நானே தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

"என்ன வேணும்?" என்றாள் கோப்பையைப் பார்த்ததுமே.

"ஒண்ணுமில்ல. ஒங்க உம்மாவோட வாப்பா எவ்வளவு பெரிய மனசோட குடுத்தாஹ அந்த எடத்த."

"அவஹ குடுத்தாஹ. இவங்க என்ன செஞ்சாங்க? வாடகையவே நிப்பாட்டிட்டாங்கல்லா?"

"என்ன வாடகை?"

"சீலா. நெலம் எம்பேருக்கு வந்த வருசத்துலேருந்து ஒரு முள்ளுகூட வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷா வருஷம் சீலாவுக்கென்று ஹாங்காங் கிளையிலிருந்து தனியாகப் பணம் அனுப்புகிறவன் நான். உடனே லெப்பை காக்காவைக் கூப்பிட்டேன். போனை மேஜையில் வைத்து, ஆமினாவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சீலாவா? தவறாம குடுக்கமே!" என்றார் காக்கா. "ஒன்பது வருசமும் குடுத்திருக்கு."

"யார்ட்ட குடுத்திய?"

"ஒங்க வீட்லதான்."

"எங்க வீடுன்னா? மேலத்தெருவுலயா?"

"இல்லப்பா. கீழத்தெருவுல. ஒங்க லாத்தா வீட்ல."

ஆமினா கோப்பையைக் கீழே வைத்தாள். நான் லாத்தாவைக் கூப்பிட்டேன்.

"ஆமா, வருது" என்றாள் லாத்தா, கொஞ்சமும் கூசாமல். "நல்ல மீனு. நீதான் எனக்குன்னு அனுப்பச் சொல்லுதேன்னு நெனச்சேன். தம்பிக்காரன் இவ்வளவு நினைப்பா இருக்கானேன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிருக்கேன். இல்லியா அப்ப?"

"எத்தன மீன் லாத்தா?"

"ஒன்பதுதான். போன வருசம் வந்தது மட்டும் சின்னது."

மறுபடி லெப்பை காக்கா. நம் காயல்பட்டினத்தில் பிறந்து, அங்கேயே நரைத்த மனிதர், நிலம் பெண்ணுடையது என்றால் மீன் பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று தெரியாதா? சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் உண்மையைச் சொன்னார். நிலம் ஆமினா பெயருக்கு மாறிய வருஷம்தான் இறுதி ஆட்டத்தில் வளர்பிறை எங்களை நாலுக்குப் பூஜ்யம் என்று அடித்தது. அன்று சாயங்காலம் மேலத்தெருவில் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவுக்குள் மீனைத் தூக்கிக்கொண்டு போக ஒரு பையனும் சம்மதிக்கவில்லை. அதனால், நிலம் எப்படியும் நம்ம ஆள் வீட்டு நிலம்தானே என்று, பக்கத்திலேயே இருந்த லாத்தா வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆமினா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மீனுக்காகச் சொல்லல" என்றாள். "எங்க உம்மா ஒவ்வொரு வருசமும் பைனல் அன்னைக்கு மசாலா அரைச்சு வச்சிட்டு ஒக்காந்திருப்பாஹ. மஃரிபு தொழுகைக்கு முன்னால வாசல்ல ஆள் வரும்னு. வராதுன்னு தெரிஞ்சதும் அந்த மசாலாவ முட்டையில போட்டுருவாஹ. ஏன் வரலன்னு ஒரு நாளும் கேக்க மாட்டாஹ. கேட்டு வாங்குற மீனா அது?"

எனக்கு அவமானமாக இருந்தது. நான் பணம் அனுப்பினேன். மீன் எந்த வாசலுக்குப் போனது என்று ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. அந்த மைதானம் யாருடையது என்று கேட்டால் கழகத்தில் எல்லாரும் என் பெயரைச் சொல்வார்கள். நான் மறுத்ததும் இல்லை.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை கழக நிர்வாகிகள் ஐந்து பேரும் வீடியோவில் வந்தார்கள். அதுவரை அவர்களில் யாரும் ஆமினாவிடம் நேரடியாகப் பேசியதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். லெப்பை காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தங்கச்சி, தப்பு முழுக்க எங்க மேலதான். ஒங்க உம்மாவ நாளைக்கே போய்ப் பாத்து மன்னிப்புக் கேக்கோம். வெறுங்கையோட போகல."

"உம்மாவப் பாத்தா போதும் காக்கா" என்றாள் அவள். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் காலேஜில் காமர்ஸ் படித்தவள். இங்கே நான்கு வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். "போன வருசம் சால்வைக்கு எவ்வளவு ஆச்சு?"

லெப்பை காக்கா சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"வேனுக்கு?"

பொருளாளர் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். பக்கத்துக் கட்டத்தில் இருந்தவர் வேறொரு எண்ணைச் சொன்னார். நான் பத்து வருஷமாகத் தொண்டை கிழியச் சொன்னதை அவள் பத்து நிமிஷத்தில் அவர்கள் வாயாலேயே வரவழைத்தாள். கூலி ஆட்டக்காரர்கள் இனி இல்லை. சால்வை இல்லை. மாசக் கணக்கைப் படமெடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். லெப்பை காக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலைவர் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

"எல்லாம் சரி காக்கா" என்றாள் கடைசியில். "கோவமெல்லாம் போயிடுச்சு. ஆனா எம்மவளுக்கு வீடு வேணுமே. அதுக்கு நான் எங்க போக?"

ஸலாம் சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாக மறைந்தது.

ஹனா அந்த நேரத்தில்தான் பயிற்சி முடிந்து வந்தாள். பள்ளிக்கூட அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். இங்கே மைதானம் என்றால் கம்பிவலைக்குள் சிமெண்டுத் தரை. அவள் முழங்காலில் எப்போதும் ஒரு காயம் ஆறிக்கொண்டிருக்கும். என் கால்தான் அவளுக்கு, இடதுகால். அதை நான் தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் விடுவதில்லை. மற்றபடி அவளை ஹாங்காங்காரி என்றுதான் சொல்ல வேண்டும். கான்டோனீஸ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மார்க்கெட்டில் நான் பழக்காரம்மாவிடம் அந்த மொழியில் பேரம் பேசினால் எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல நான்கு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வாள். தமிழ் வீட்டில் மட்டும்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆமினாவே ஆரம்பித்தாள். கழகம், நிலம், புரோக்கர் எல்லாவற்றையும் சொல்லி, "ஒனக்கு வீடு கட்டத்தான் விக்கதா இருந்தோம்" என்றாள்.

"எந்த வீடு?"

"ஊர்ல. ஒனக்குன்னு."

ஹனா சோற்றை மென்று முடித்தாள். "நான் ஊர்ல இருக்கப் போறதில்லயே உம்மா. அதுல யார் இருப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டாம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு, "கிரவுண்ட ஏன் விக்கணும்? இங்க ஒரு மணி நேரத்துக்கு புக் பண்ண நாங்க எத்தன நாள் காத்திருக்கோம் தெரியுமா? ஒரு முழு கிரவுண்ட யாராவது விப்பாங்களா?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மைதானம் பிழைத்தது என்ற சந்தோஷம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது. அப்புறம்தான் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. என் மகள் ஊருக்கு வரப்போவதில்லை. விடுமுறைக்கு வருவாள், கல்யாண வீட்டுக்கு வருவாள். வாழ வரமாட்டாள். இத்தனை வருஷமும் நாங்கள் இரண்டு பேரும் அதைத் தெரிந்துகொண்டேதான் அவள் வீட்டுக்கு வாசல் எந்தத் திசை, மாடி எத்தனை என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆமினா மேஜையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையிலிருந்து துணியை வாங்கி வைத்தேன்.

"சொல்லிட்டாளே, நல்லதுதான்" என்றாள். "கட்டி முடிச்சப்புறம் சொல்லிருந்தா?"

6

இரண்டாவது தடவை தூதரகத்துக்குப் போனபோது பத்திரம் மாறியிருந்தது. மாமாவுக்கு விற்கும் அதிகாரம் இல்லை. நிலத்தைப் பத்து வருஷத்துக்குக் கழகத்துக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் மட்டும். குத்தகைப் பத்திரத்தில் மீனைப் போட முடியாது, ரூபாயில்தான் காட்ட வேண்டும் என்று ஊரில் பத்திரம் எழுதுகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் பேருக்கு ஒரு தொகை. சீலா பத்திரத்துக்கு வெளியே.

நிஜாம் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவையும் ஒரு வரி விடாமல் படித்தான். படித்து முடித்து, "பத்து வருசம்தானா?" என்றான்.

"அதுக்கு மேல எம்மவ பாத்துக்கிடுவா" என்றாள் ஆமினா. அவன் கையெழுத்துப் போட்டான்.

பத்திரம் கூரியரில் ஊர் போய்ச் சேர்ந்தது, மாமா கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் செய்தார். கழகத்தின் கடன் அப்படியே இருக்கிறது. இந்தக் கோடையில் கோப்பை வாங்குவோம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. அணியில் இருப்பது எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள், இரண்டாவது சுற்றுக்குப் போனாலே பெரிய விஷயம். ஆனால் போன மாசக் கணக்கு ஒழுங்காக வந்தது. காலண்டர் தாளில்தான், ஆனால் முன்பக்கத்தில் எழுதி, அடியில் கூட்டிப் போட்டு, பொருளாளர் கையெழுத்தோடு. ஆமினா அதில் ஒரு தப்புக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள்.

நேற்று லெப்பை காக்கா கூப்பிட்டார். நிர்வாகக் குழு கூடிப் பேசியதாம். மைதானத்துக்கு ஒரு போர்டு வைக்கப் போகிறார்களாம். இத்தனை வருஷமும் அதற்குப் பெயரே கிடையாது. கிரவுண்டு என்றுதான் சொல்வோம்.

"ஆமினா மைதானம்னு போடலாம்னு இருக்கோம். தங்கச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு" என்றார்.

ஆமினா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"ஆகாது" என்றாள் உடனே. "ஆம்பளைங்க வெளயாடுற எடத்துல பொம்பள பேரையா? ஊரு சிரிக்கும். வேண்டாம்னு சொல்லிருங்க."

சரி என்று போனை எடுத்தேன். நான் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் இன்னும் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். பிறகு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"போர்டு எந்தத் தெருவப் பாத்து வைப்பாங்களாம்?"

கீழத்தெருவைப் பார்த்துத்தான் வைப்பார்கள். கழகம் கீழத்தெருக் கழகம், மைதானத்தின் வாசல் கீழத்தெரு வாசல், நான் கீழத்தெருக்காரன். நாற்பத்தெட்டு வயது வரை மேலத்தெருவுக்கு ஒரு த்ரோ கூட விட்டுக்கொடுக்காதவன்.

"ஒங்க தெருவப் பாத்துத்தான்" என்றேன். சொல்லிவிட்டு, லெப்பை காக்காவிடம் சண்டை போட பால்கனிக்குப் போனேன்.